நாற்பத்தைந்தாவது பாத்தி

மாணவர்கள் தேர்வைத் தங்கள் சொந்தமாக நினைக்க வேண்டும் என்று கொடைக்கானலில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியாளர் எங்களை வட்டமாக நிற்கவைத்து ஒரு ரப்பர் பந்தை வீசினார். பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் “இது என் தேர்வு!” என்று கத்த வேண்டும். காலமெல்லாம் சாக்பீஸ் பிடித்தவர்கள் ஆளாளுக்குப் பந்தைப் பிடித்துக் கத்தினோம். மற்ற எல்லாரையும்விட நான்தான் பலமாகக் கத்தினேன். எனக்கு அது உண்மையிலேயே என் தேர்வு.

கொடைக்கானலிலிருந்து கூக்காலுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு நான் ஆசிரியை. கணவரும் இரண்டாவது படிக்கும் மகளும் கன்னிவாடியில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்து, மூன்று பஸ் மாறினால், மகள் தூங்குவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். பஸ்ஸை விட்டால் சனிக்கிழமைதான். மாறுதல் கேட்டு நான் கொடுத்த மனு கல்வி அதிகாரியின் மேசையில் கிடந்தது. “இந்த அடைவுத் தேர்வுல ஒங்க ஸ்கூல் கடைசியா வராம பாத்துக்கங்க. மனுவ நானே மேல அனுப்புறேன்” என்றார். போன தடவை நாங்கள்தான் கடைசி.

ஆகவே திங்கட்கிழமை காலை, பந்து இல்லாததால் ஒரு டர்னிப்பை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பதினோரு பிள்ளைகள். “இது நம்ம எல்லாரோட தேர்வு” என்று சொல்லி, டர்னிப்பை வீசி, “இது யார் தேர்வு?” என்றேன். பிடித்தவன், “டீச்சர், இது எங்க காட்டு டர்னிப்பு மாதிரி இருக்கு” என்றான். அவன் அப்பாவிடம்தான் வாங்கியிருந்தேன்.

முன் பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். கூலி ஆட்களைக் கூட்டிக்கொண்டு தோட்ட வேலைக்குப் போகிற ஒரு அம்மாவின் மகள். நடை, பேச்சு, இடுப்பில் கை வைத்து நிற்பது எல்லாம் அம்மாவேதான். அவள் எழுந்து, “எங்களுக்குச் சொந்தம்னா பட்டா இருக்கா டீச்சர்?” என்றாள். எங்கள் ஊரில் பாதி நிலத்துக்குப் பட்டா கிடையாது. காகிதம் இல்லாத எதையும் சொந்தம் என்று சொன்னால் கைக்குழந்தைகூட நம்பாது.

சரி, பட்டாதானே என்று ஒரு சார்ட் பேப்பரை விரித்தேன். ‘இத்தேர்வு கீழ்க்கண்டவர்களுக்கே முழு உரிமையுடையது’ என்று எழுதிப் பள்ளி முத்திரை குத்தினேன். பதினோரு பேரும் பெருவிரலை மையில் தொட்டு உருட்டினார்கள். நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரிந்த பிள்ளைகள்தான், ஆனால் பட்டா என்றால் ரேகைதான் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் அவள் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்களும் வைங்க டீச்சர். நம்ம எல்லாரோடதுன்னு சொன்னீங்கள்ல?”

நானும் வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் என் விரலில் மை போகவில்லை.

திட்டத்தைப் பிள்ளைகளே போட வேண்டும், ஆசிரியர் குறுக்கிடக் கூடாது என்பது பயிற்சியில் சொன்ன அடுத்த விஷயம். மொத்தம் நாற்பத்தைந்து கேள்வி; சரியான விடைக்கு நேரே உள்ள வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். எந்த எண்ணுக்கு எந்தப் பாடம் என்கிற அட்டவணையைக் கொடுத்து, நான் ஒதுங்கிக்கொண்டேன். ஒதுங்கிக்கொள்வதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. மத்தியான இடைவேளையில் அவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள், சண்டை போட்டார்கள், தரையில் கோடு கிழித்தார்கள். மாதிரித் தேர்வைப் பலகையில் எழுதிப் போட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் யாராவது ஒருவர் பட்டென்று பதில் சொன்னார்கள். நாற்பத்து நாலு வரை ஒரு தப்பு கிடையாது. நாற்பத்தைந்தாவதற்கு மட்டும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒன்று போனால் போகிறது என்று நான் அழித்துவிட்டேன். அன்று ராத்திரி கணவரிடம் போனில், கன்னிவாடியிலேயே நல்ல பச்சைப் பெயின்ட் கிடைக்குமா, மகளின் அறைக்கு அடிக்க வேண்டும் என்றுகூடக் கேட்டேன்.

தேர்வன்று வெளியூரிலிருந்து ஒரு இளைஞர் கண்காணிப்பாளராக வந்தார். வகுப்பு ஆசிரியர் உள்ளே வரக் கூடாது என்பது விதி. நான் வேலியோரம் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மணியடித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒருத்தன் பேனாவை மூடிக் கைகட்டி உட்கார்ந்தான். அடுத்தவள் மூடினாள். வரிசையாகப் பதினோரு பேரும் கைகட்டிவிட்டார்கள். எனக்குப் புல்லரித்துப்போனது. பத்து நிமிஷத்தில் முடித்த வகுப்பு இந்த மலையில் வேறெங்கே உண்டு?

கண்காணிப்பாளர் வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“மேடம், ஒங்க பிள்ளைங்க ஆளுக்கு நாலு வட்டந்தான் கறுப்பாக்கியிருக்காங்க. மிச்சத்தப் போடுங்கடான்னா, அது எங்களது இல்ல சார்ங்குறாங்க.”

பூண்டுக் காட்டில் களை எடுக்க ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுப்பார்கள். தன் பாத்தியை முடித்தவள் வரப்பில் உட்காருவாளே தவிர, கூப்பிடாமல் அடுத்தவள் பாத்தியில் கை வைக்க மாட்டாள். வைத்தால், உனக்கு வேலை தெரியாது என்று அவளை முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. என் பிள்ளைகள் தேர்வைப் பாத்தி பிரித்திருந்தார்கள்.

“ஏலே, எல்லாத்தையும் எழுதுங்கலே!” என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன். அந்த இளைஞர் பதறி, கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுத்ததாக எழுத வேண்டியிருக்கும் என்று என்னைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார். உள்ளே பதினோரு பேரும் மிச்ச நேரம் முழுக்க, மழைக்கு ஒதுங்கியவர்களைப் போலப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். பச்சைப் பெயின்ட் அடித்த அறை கண்ணுக்கு முன்னால் தெரிந்துகொண்டே இருந்தது.

தாள்களை உறையில் போட்டு அரக்கு வைத்துக் கொண்டுபோன பிறகு, முன் பெஞ்சுக்காரியைப் பிடித்தேன்.

“ஏ புள்ள, என்ன வேல பண்ணி வச்சிருக்கீங்க?”

“வெள்ளனே முடிச்சிட்டோம் டீச்சர். பதினோரு பேரு, ஆளுக்கு நாலு. நாப்பத்து நாலு. எல்லாம் சரியாத்தான் போட்டோம்.” பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “நீங்க ஒங்களதப் போட்டீங்களா?”

“என்னோடதா?”

“நாப்பத்தஞ்சு. பட்டாவுல நீங்களும் ரேக வச்சீங்கள்ல? ஒங்களுக்குச் சோலி நெறைய கெடக்குன்னு ஒண்ணே ஒண்ணுதான் வச்சோம்.”

அட்டவணையைப் பார்த்தேன். நாற்பத்தைந்து: திசைகளும் வரைபடமும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் பாடம். அந்த வருஷம் முழுக்க அந்தப் பீரியடில் அவர்களைப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் தள்ளிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். நான் நடத்தாத பாடத்தைச் சத்தமில்லாமல் எனக்கே ஒதுக்கியிருந்தார்கள். குத்திக்காட்டுகிற எண்ணமே அவளுக்கு இல்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

முடிவு வந்தபோது நாங்கள்தான் கடைசி. அதிகாரி போனில், “ஒவ்வொருத்தரும் நாலே நாலு கரெக்ட். பதினோரு பேருக்கும் அதே நாலு மார்க்கு, ஆனா ஆளுக்கொரு கேள்வி. எப்பிடிங்க இது? ஒரு தப்புகூட இல்லையே!” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பதினோரு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், முழு மதிப்பெண்ணுக்கு ஒன்றுதான் குறையும், அந்த ஒன்று என்னுடையது என்று சொன்னேன். அவர் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மனுவை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மகளுக்குப் போன் செய்து, நாளைக்குத்தான் வருவேன் என்றேன். அவள் அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டாள். அது இன்றைக்கும் வலிக்கிறது. கடைசிப் பீரியடில் பலகையில் பள்ளிக்கூடத்தை வரைந்தேன், தேவாலயத்தை வரைந்தேன், ஏரியை வரைந்தேன், பஸ் நிற்கிற இடத்தையும் வரைந்தேன். மேலே ஒரு அம்புக்குறி போட்டு, வடக்கு என்று எழுதினேன். பள்ளியிலிருந்து பஸ்ஸுக்கு எந்தத் திசையில் போக வேண்டும் என்று கேட்டேன்.

பதினோரு பேருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

“அது ஒங்க கேள்வி டீச்சர்” என்றாள் முன் பெஞ்சுக்காரி.

“கிழக்கு” என்று பலகையில் எழுதினேன்.

அவள் எழுந்து பலகைக்கு வந்து, படத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்து, என் பதிலுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டாள். “சரிதான். வெரசா கெளம்புங்க டீச்சர், பஸ் போயிரும்” என்றாள்.

பஸ் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.