அப்பாவின் வேட்டியும் ஒன்பது முளைப்பாரிச் சட்டிகளும்

எங்கள் மாமா வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் அவர் நேரில் வந்து செய்யவில்லை, போனில் செய்தார்.

அம்மாவின் தம்பி அவர். எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்கமாட்டார். அந்த வருடம் பண்டாரவளைப் பக்கம் பூச்செடி வளர்த்து விற்கும் ஓர் இடத்தில் இருந்தார். நாங்கள் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் வருவார். எனக்கு ஒன்பது வயது.

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் முளைப்பாரி இல்லாமல் இல்லை. ஒன்பது நாள் முன்னால் ஒன்பது பெண்கள் ஆளுக்கொரு மண் சட்டியில் மண்ணும் எருவும் போட்டுப் பயறு விதைத்து, கோயிலை ஒட்டிய இருட்டறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வெளிச்சம் படாத முளை வெளுத்துப்போய் நெடுநெடுவென்று வளரும். திருவிழா அன்று பெண்கள் அதைத் தலையில் சுமந்து போய் ஓடையில் விடுவார்கள். முளை செழித்தால் ஊர் செழிக்கும். வாடினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. வாடவிட்டவள் யார் என்பதை மட்டும் பத்து வருடத்துக்குச் சொல்வார்கள்.

அந்த அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. சாவி ஒரே ஒரு பெண்ணிடம் இருக்கும். அவள்தான் விடியற்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்னால், குளித்துவிட்டுப் போய்த் தண்ணீர் தெளித்து வருவாள். முப்பது வருடமாக அந்தச் சாவி கடைசி வீட்டுப் பெரியம்மாவிடம் இருந்தது. அந்த வருடம் அவளுக்கு மூட்டுவலி. குனிய முடியவில்லை. அம்மா போய்த் தானே கேட்டு வாங்கினாள். சின்ன வயசுக்காரி கையில் எதற்கு என்று லயத்தில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். பெரியம்மா மட்டும் சாவியைக் கொடுக்கும்போது, "நாளெல்லாம் பாத்துக்கிட்டியா புள்ள?" என்று கேட்டாள். அம்மா தலையாட்டினாள்.

அம்மா பார்த்த கணக்கு பொய்த்தது. திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, வர வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அவளுக்கு வந்துவிட்டது. இனி அந்த அறைக்குள் அவள் கால் வைக்க முடியாது. எனக்குச் சொல்லப்பட்டது காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவே இல்லை. ஆனாலும் அவள் அழுதுகொண்டிருந்ததால் நம்பினேன்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். முணுமுணுத்த நாலு பேரும் அப்புறம் சத்தமாகவே பேசுவார்கள். ஒன்பது வயதுப் பெண்பிள்ளை உள்ளே போகத் தடையில்லை, என்னை அனுப்பலாம். ஆனால் என் கையின் லட்சணம் அம்மாவுக்குத் தெரியும். இரண்டாம் நாள் அவளுக்கு உதவுகிறேன் என்று நான் ஒரு சட்டியில் செம்பைக் கவிழ்த்ததில் பயறெல்லாம் மிதந்து மேலே வந்துவிட்டது. இருட்டறை முளைக்குத் தண்ணீர் கூடினால் அழுகும், குறைந்தால் சாயும். அதற்கென்று ஒரு கை வேண்டும். அந்தக் கை என்னிடம் இல்லை.

அம்மா மாமாவுக்குப் போன் போட்டு அழுதாள். பெண்கள் சமாச்சாரத்தைத் தம்பியிடம் எப்படிச் சொன்னாளோ, அவர் புரிந்துகொண்டார்.

"இதுக்கா அழுவுற? இங்க லீவு நாள்ல நாங்க செடிக்குத் தண்ணியே ஊத்தறதில்ல. அதுவே குடிச்சுக்கும். சட்டிக்கு அடியில ஓட்ட இருக்குல்ல? அது வழியா ஒரு துணித்திரிய மேல ஏத்தி மண்ணுக்குள்ள சொருகு. மறு நுனி கீழ டப்பாவுல இருக்கிற தண்ணியில கெடக்கட்டும். அம்புட்டுத்தான்."

"தண்ணி எங்கயாவது மேல ஏறுமாடா?"

"வெளக்குல எண்ண ஏறல? நூலுக்கு நூல் நடுவுல மயிரிழ சந்து இருக்கு. அதப் புடிச்சு ஏறிக்கும். மண்ணு காஞ்சா இழுக்கும், நனஞ்சிருந்தா சும்மா இருக்கும். உன் மகள மாதிரி செம்பக் கவுக்காது."

அந்தக் கடைசி வார்த்தைக்காக நான் மாமாவோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

சாமி காரியத்துக்குப் போகும் துணியை அந்த நிலையில் அம்மா தொடமாட்டாள். எல்லாம் நான்தான். முதலில் அவளுடைய பழைய சேலைத் துண்டைக் கிழித்துத் தம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தோம். பளபளவென்ற நைலக்ஸ் சேலை அது. அரைமணி நேரம் ஆகியும் ஒரு விரற்கடை ஏறவில்லை. பருத்திதான் வேண்டும் என்றார் மாமா. வீட்டில் இருந்த ஒரே சுத்தமான பருத்தி, அப்பா திருவிழாவுக்குக் கட்டவென்று பெட்டியில் வைத்திருந்த புது வேட்டி. அம்மா தள்ளி நின்று பெட்டியைக் காட்டினாள். பிறகு, "எடு" என்றாள்.

அதுவும் முதலில் குடிக்கவில்லை. புதுக் கஞ்சி. லயத்துக்குத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் வைத்துக் கசக்கிக் கசக்கி அலசிய பிறகு தம்ளரில் விட்டால், ஈரம் என் கண்ணெதிரே மேலே ஏறியது. யாரும் தள்ளாமல், யாரும் இழுக்காமல் தண்ணீர் மலையேறியதைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

மறுநாள் விடியற்காலையில் டார்ச்சும், ஒரு குடம் தண்ணீரும், ஐஸ்கிரீம் டப்பாக்களும், பாதியாக வெட்டிய போத்தல்களும், ஒன்பது திரிகளும், குடைக்கம்பி ஒன்றும் வைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். அம்மா படியை மிதிக்காமல் வெளியே நின்றாள். மாமா போனில் இருந்தார். போனை என்னிடம் கொடுக்கப் போனவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆம்பளக் குரல் உள்ள போவலாமா?"

கடைசியில் போன் வாசலிலேயே நின்றது. மாமா அம்மாவிடம் சொல்வார், அம்மா கதவிடுக்கில் வாயை வைத்து என்னிடம் சொல்வாள். "திரிய முதல்ல நல்லா நனைக்கணுமாம்." நனைத்தேன். "வேர் நோகாம கம்பியால மெல்ல ஏத்துவியாம்." ஏற்றினேன். சட்டிகளை ஒவ்வொன்றாக இரண்டு விறகுத் துண்டின் மேல் தூக்கி வைத்து, அடியில் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, திரியின் வாலை அதில் போட்டேன். வெளியே வரும்போது உடம்பெல்லாம் சேறு. பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அம்மா கதவைப் பூட்டுவதை மட்டும் பார்த்தார்கள்.

அடுத்த நாள் உள்ளே போய் ஒவ்வொரு சட்டியாக விரலை வைத்துப் பார்த்துச் சொன்னேன். "ஈரம். ஈரம். இதுவும் ஈரம்." எட்டுச் சட்டிக்கும் அப்படித்தான். ஒன்பதாவதில் மண் பொருபொருவென்றிருந்தது. முளை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"யாரோட சட்டி?"

"பெரியம்மாவோடது."

வெளியே அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆத்தா, நான் உன்ன ஏமாத்த நெனைக்கலியே, உன் கோவத்த என் புள்ள மேல காட்டாத" என்று அவள் அழுத குரல் கதவு வழியாகக் கேட்டது. திரியை உருவிப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். பெரியம்மா பெரிய ஆள் என்பதால் அவள் சட்டிக்கு மட்டும், மரியாதையாக, வேட்டியின் ஜரிகைக் கரையைக் கிழித்து வைத்திருந்தேன். பளபளப்புக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லை. வேறு வெள்ளைத் திரியை நனைத்து நல்ல நீளமாக ஏற்றினேன். அன்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்ன கேட்டாலும் எனக்கு அந்தச் சட்டிதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் டார்ச்சை அடித்தபோது பெரியம்மாவின் முளை நிமிர்ந்து நின்றது. நான் போட்ட கூச்சலில் அம்மா படியை மிதித்தே விட்டிருப்பாள்.

திருவிழா அன்று அம்மாவுக்கு ஐந்தாம் நாள். தலை முழுகி, ஈரக் கூந்தலோடு உள்ளே போனாள். ஒன்பது சட்டியும் மஞ்சளும் வெள்ளையுமாக முழங்கால் உயரத்துக்கு நின்றன. மளமளவென்று திரிகளை உருவி மடியில் கட்டிக்கொண்டாள். டப்பாக்களையும் விறகுத் துண்டுகளையும் நான் அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். வீட்டில் அப்பா வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். எலி கடித்துவிட்டது என்று சொல்ல எனக்கு உத்தரவு.

பெண்கள் வந்தார்கள். பெரியம்மா மெல்லக் குனிந்து தன் சட்டியைத் தூக்கினாள். அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைத் துணி தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அந்த ஒன்றை அம்மா விட்டுவிட்டாள். அம்மா மடியிலிருந்த திரி முடிச்சைக் கையால் மூடிக்கொண்டாள்.

பெரியம்மா துணியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். யாருக்கும் தெரியாமல் சட்டியைத் தன் பக்கம் சாய்த்து, சுண்டுவிரலால் அந்த வாலை ஓட்டைக்குள் தள்ளிவிட்டாள்.

"முழுகிட்டியா புள்ள?"

"முழுகிட்டேன்க்கா."

"அப்பறம் என்ன? எனக்கு முட்டி தாங்காது. நீயே தூக்கு."

சட்டியை அம்மாவின் தலையில் ஏற்றி வைத்தாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "இந்த வருசம் மொள நல்லா வந்திருக்குடி. சாவி இனி இவகிட்டயே இருக்கட்டும்" என்றாள். முணுமுணுத்த நாலு பேரும் முதலில் குலவையிட்டார்கள்.

எனக்கு அப்படியொரு நிம்மதி. கிழவிக்குக் கண் மங்கிவிட்டது, வேருக்கும் வேட்டிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பெரியம்மா பிறக்கும்போதே கிழவியாகப் பிறந்தவள் என்பதுதான் என் எண்ணம். முப்பது வருடம் சாவி வைத்திருந்தவளுக்கு ஒரு திருவிழாவிலும் கணக்குப் பொய்க்காமலா இருந்திருக்கும், அப்போதெல்லாம் அவள் எந்தப் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு அந்தப் படியருகே நின்றாளோ என்று எனக்குத் தோன்றவில்லை. அவளை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்ற பெருமையில், ஊர்வலத்துக்கு முன்னால் ஓடை வரைக்கும் குதித்துக்கொண்டே போனேன்.