முட்டைப் பற்றுப் போட்ட கால்

பெண்சாதி செத்தபின் அண்ணை யாருடனும் பேசவில்லை. அவள் வளர்த்த பெட்டை நாயோடு மட்டும் பேசுவார். அதுவும் காலையில், கிணற்றுத் துலாவில் நின்றுகொண்டு.

நாங்கள் இருவரும் புகையிலைக்குத் தண்ணீர் இறைப்போம். அண்ணை துலாவில் ஏறி மிதிப்பார்; அதன் அடிப்பக்கம் தாழ, தண்ணீர்ப் பட்டை மேலே வரும். நான் கிணற்றடியில் நின்று தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவேன். துலாவின் அடிப்பக்கத்து நிழலில் நாய் படுத்திருக்கும். மிதிக்குமுன் அண்ணை மேலிருந்து கூப்பிடுவார்.

"எடி, விலத்து. பிறகு என்னைக் குறை சொல்லாதை."

நாய் எழும்பி அப்பால் போகும்.

அதற்கு வயது போய்விட்டது. காது அடைத்துக்கொண்டு வந்தது எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் அண்ணை கூப்பிட்டார், மிதித்தார். துலாவின் அடி அதன் பின்காலில் இறங்கியது.

முறிவுக்குப் பற்றுப் போடும் பரியாரியாரிடம் ஓடினேன். அவர் படலையைத் திறக்கவில்லை.

"நாயைத் தொட்டால் பிறகு சனம் என்னட்டை வருமோ? மனிசருக்குப் போடுறமாதிரிப் போடு. முட்டை வெள்ளைக்கருவும் உழுத்தம்மாவும். மேலாலை பனைமட்டையைச் சீவி வைச்சுக் கட்டு."

அண்ணை நாயின் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் காலை இழுத்து எலும்பைப் பொருத்தினேன். நாய் கடிக்கவில்லை. அண்ணையின் கையை நக்கியது. கட்டிய பற்று காய்ந்து கல் மாதிரி இறுகியது.

தோட்டத்துக்குப் போய் வந்து பார்த்தால் பற்று இல்லை. முட்டையையும் மாவையும் கட்டின சீலையோடு நாய் தின்றிருந்தது.

பக்கத்து வீட்டு மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"பற்றுப் போட்டனீங்களோ, பலகாரம் சுட்டுக் குடுத்தனீங்களோ?"

அண்ணை சிரித்துவிட்டார். பெண்சாதி போனபின் அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

பிறகு குனிந்து காலைப் பார்த்தார். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது.

மறுபடி கட்டினோம். இந்தமுறை மேலே வேப்பெண்ணெய் பூசினேன். நாய் அதில் வாய் வைக்கவில்லை. ஆனால் கால் வீங்கி, அழுகி மணத்தது. கஞ்சியும் இறங்கவில்லை. அண்ணை சிரட்டையோடு பக்கத்திலேயே இருந்தார்.

"கொஞ்சம் குடியடி. அவள் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

ஒரு மத்தியானம் அது செத்தது. பனை வடலிக்கரையில் கிடங்கு வெட்டித் தாட்டோம்.

அடுத்த இறைப்புக்கு அண்ணை துலாவில் ஏறினார்.

"எடி, விலத்து," என்றார்.

கீழே வெறும் நிழல். அண்ணை மிதிக்காமல் நின்றார். நான் பட்டையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விலத்திட்டுது, அண்ணை. மிதியுங்கோ," என்றேன்.

மிதித்தார்.