ஜெராஷ் தெருவில் பாண்டித்துரை

கமுதிப் பக்கத்துக்காரரான பாண்டித்துரை கத்தாருக்கு வந்து பதினோரு வருஷமாகத் தரையைப் பார்த்தே பிழைத்தவர். அங்கே ராஸ் லஃபான் தொழில் நகரில் நடைபாதைக்கும் லாரி நிற்கும் இடங்களுக்கும் கல் பதிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி. வேலை முடிந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு, பதித்த கல் மேல் நடந்து பார்ப்பார். ஒரு நூல் தூக்கியிருந்தாலும் உள்ளங்கால் சொல்லிவிடும்.

"ரசமட்டம் ஏமாத்தும்யா, காலு ஏமாத்தாது" என்பார்.

2006 பெருநாள் லீவில், சைட் இன்ஜினியர் சேதுராமன் குடும்பத்தோடு ஜோர்டானுக்குக் காரிலேயே கிளம்பினார். வழியெல்லாம் கூடாரம் அடித்துத் தங்குவதாக ஏற்பாடு. மாற்றி மாற்றி ஓட்ட லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டுமென்று பாண்டித்துரையையும் கூட்டிக்கொண்டார். சவூதிப் பாலைவனத்தைக் கடந்து, சாக்கடல் கரையில் தங்கி, கத்தாருக்குத் திரும்பவேண்டிய காலையில் மகள் சங்கீதா அடம்பிடித்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறவள்.

"அப்பா, ஜெராஷ் ரொம்ப நியர்ப்பா. ரோமன் சிட்டி! ப்ளீஸ்!"

"வடக்க போனா சுத்து வழி. எனக்கு டூட்டி இருக்கு."

"ஒரு மணி நேரந்தானே, பாத்துட்டு வந்துருவோம்" என்று அம்மா பானுமதி மகள் பக்கம் சாய்ந்தார். பாண்டித்துரை வண்டியை வடக்கே திருப்பினார். இடிந்த கோட்டை ஏதோ இருக்கும், நிழலில் வண்டியைப் போட்டு ஒரு தூக்கம் போடலாம் என்பது அவர் எண்ணம். சங்கீதா டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டதால் உள்ளே போனார்.

பெரிய முற்றம் ஒன்றைத் தாண்டியதும் தெரு ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் தூண்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும். மற்ற மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பாண்டித்துரை குனிந்தார்.

ஒவ்வொரு கல்லும் ஒரு பெட்டி அளவு. தெருவுக்கு நேராக இல்லாமல், மூலைவாட்டில் சாய்வாகப் பதித்திருந்தது. நடுவே வண்டிச் சக்கரங்கள் உருண்டு உருண்டு கல்லிலேயே பள்ளமான தடம். ஷூவைக் கழற்றினார். பத்தடி நடந்தவர் அப்படியே மண்டியிட்டு, இரண்டு கல்லுக்கும் இடையே விரலை ஓட்டினார். நகம்கூட நுழையாத இடங்கள் இருந்தன.

காவலாளி ஒருவர் ஓடிவந்து எதைத் தொலைத்தீர்கள் என்று அரபியில் கேட்டார்.

"மாஃபி, மாஃபி. அனா ஷுகுல் தரீக்" என்றார் பாண்டித்துரை, ஒன்றும் தொலையவில்லை, நான் ரோடு வேலைக்காரன் என்று.

காவலாளி சிரித்துவிட்டார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய், தெரு நடுவே வட்டமாக ஒரு கல்மூடியைக் காட்டினார். அடியில் சாக்கடை போகிறதாம், தெருவின் நீளத்துக்கும்.

"சார்! இங்க வாங்க சார்!" பாண்டித்துரை கையை ஆட்டிக் கூப்பிட்டார். "ஏன் சாய்ச்சுப் போட்ருக்கான் தெரியுதா? நேராப் போட்டா சக்கரம் மொத்தமா இடுக்குல விழுந்து கல்லத் தூக்கும். சாய்ச்சுப் போட்டா சக்கரம் நழுவிப் போயிரும். மேனோல் வரைக்கும் வச்சிருக்கான் சார்!"

"ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கிட்ட ஆச்சு, அங்கிள்" என்றாள் சங்கீதா.

"நாம போடுறதுக்கு ஒரு வருஷந்தான் பாப்பா கேரண்டி."

உள்ளங்கையால் கல்லைத் தடவினார். "எந்த மேஸ்திரிய்யா நீ?" என்று மெல்லக் கேட்டார், எதிரில் ஆள் நிற்பது போல. பிறகு அந்தத் தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வெறுங்காலோடு நடந்தார். ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. சேதுராமன் அவசரப்படுத்தவில்லை.

திரும்பி வந்த மாதமே, லாரி திரும்புகிற ஒரு மூலையில் கல்லைச் சாய்வாகப் பதிக்க சேதுராமனிடம் அனுமதி கேட்டார்.

"ஓரக்கல்லெல்லாம் வெட்டணுமே, வேஸ்ட் ஜாஸ்தியாகும்."

"போட்டுப் பாப்போம் சார்."

2010இல் விசாவை முடித்துக்கொண்டு அவர் ஊருக்குக் கிளம்பியபோதும் அந்த மூலை இறங்கவில்லை.

ஊரில் மனைவி வீரம்மாள் கேட்டாள்: "அம்புட்டுத் தொலவு போனீகளே, கோயிலு கீயிலு இருந்துச்சா?"

"இருந்துச்சாம். நான் பாக்கல."