அரை மணித்தியாலத்தில் தொலைந்த வீடு

மாங்கேணிச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் வழக்கம்போலக் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினேன். அப்போதுதான் பிழை பிடிபட்டது.

சுனாமி அழித்த வீடுகளை வரைபடத்தில் குறித்துவந்தோம். ஒரு கணினி மட்டக்களப்பில், அரசாங்கம் அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிய நேரத்தில். மற்றது சாவடிக்கு அப்பால் இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில், அவர்கள் மாற்றாத பழைய நேரத்தில். பென் டிரைவில் கோப்பு போய்வரும். இரண்டில் நேரத்தால் பிந்திய கோப்பே நிற்கும், மற்றது அழியும் என்பது நான் வகுத்த விதி.

கருவாடு போடும் ஒரு அக்காவின் வீட்டை அப்பால் பத்து மணிக்குக் குறித்தேன். அதற்குக் கால் மணித்தியாலம் முன்னதாக நகரத்தில் யாரோ கோப்பைச் சேமித்திருந்தார்கள். அங்கே மணி பத்தேகால். அந்தக் கோப்பே நின்றது. புதுவீடு கொடுக்கும் வீட்டுத்திட்டப் பட்டியலில் அக்கா இல்லை.

"கடல் கொண்டுபோன வீட்ட நீயும் கொண்டுபோறியோ, தம்பி?" என்றார் என்னைக் கண்டதும்.

"நான் இல்லக்கா, மணிக்கூடு."

"மணிக்கூட்டுக்கு என்னத்துக்கடா வீடு?"

பட்டியலை வெள்ளிக்கிழமை முடிக்கிறார்கள். இனி முழுக் கோப்பையும் மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கமிட்டு, மாறிய வீடுகளை மட்டும் கொண்டுபோய் நகரக் கோப்பில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்காவின் வீட்டிலிருந்தே நாளைக்குத் தொடங்குவேன்.