கயிற்றை மட்டும் கழுவவில்லை

ஈஸ்ட் என்னும் பூஞ்சை வளர்ந்த சோதனைத் தட்டைத் திறந்தால் புளித்த மாவு வாடை வரும். பதினைந்து வருஷம் லேபில் இருந்தும் எனக்கு அது குமட்டும். அந்த வாரம் மூன்று தட்டுகள். திருச்சியில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் மூன்று பேருக்கு ரத்தத்திலேயே ஈஸ்ட்.

எனக்குச் சந்தேகமே இல்லை, வார்டு ஆயாம்மாதான். வெற்றிலைக் கறை படிந்த விரல், நகத்தில் அழுக்கு, எப்போதும் ஈரமான முந்தானை. பார்த்தாலே அருவருப்பாக இருக்கும். "கையக் கழுவிட்டு வாங்க ஆயாம்மா, எத்தனை தடவ சொல்றது?" என்று எல்லார் முன்னாலும் கத்துவேன். என் பேச்சைக் கேட்டு அவரைக் கழிப்பறை வேலைக்கு மாற்றினார்கள்.

குழந்தைகள் வார்டு டாக்டரம்மா அதோடு விடவில்லை. "குழந்தையத் தொடுற எல்லார் கையையும் துடைச்சு எடுங்க. அதுல வர்ற ஈஸ்டோட ஜீனைப் படிச்சுப் பாத்துரலாம்" என்றார். சாதாரணச் சோதனை ஈஸ்டின் இனத்தை, அதாவது ஊரைத்தான் சொல்லும். ஜீனைப் படித்தால் எந்த வீடு என்பதே தெரிந்துவிடும். பதினோரு பேர் கையைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பவன் என்பதால் என் கையும் உண்டு.

"கையில இருக்குற அந்தக் கயித்தையும் தனியா துடைச்சு எடுங்க" என்றார் டாக்டரம்மா.

ஸ்ரீரங்கம் கோயிலில் நான் வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்ட மஞ்சள் கயிறு. தானாக அறுந்து விழும்வரை கழற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆறு மாதமாகக் குளியல் தண்ணீர், வியர்வை, சாம்பார் எல்லாம் அதில் ஊறியிருந்தன. கையுறை மாட்டினாலும் கயிறு வெளியேதான் இருக்கும்.

பத்து நாளில் சென்னையிலிருந்து அறிக்கை வந்தது. மூன்று குழந்தைகளுக்கும் ஒரே இனம், அதிலும் ஒரே வகை. ஆயாம்மா கையில் இருந்தது வேறு. என் கயிற்றில் இருந்தது அதேதான்.

கயிற்றைக் கத்தரித்து மூக்கருகே கொண்டுபோனேன். அதே புளித்த வாடை. அந்தக் கையால்தான் தினமும் தயிர்சாதம் பிசைந்து தின்றிருக்கிறேன். ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். கயிற்றை விட என்னை நினைத்துத்தான் அதிகம் குமட்டியது.

ஆயாம்மாவை மறுபடி வார்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். இரண்டு குழந்தைகள் தேறிவிட்டன. மூன்றாவதற்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை. அதற்கு ரத்தம் எடுக்கப் போனேன். கதவருகில் ஆயாம்மா நின்றிருந்தார். என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"கையக் கழுவிட்டு வாங்க சார்."