பாதியாக்கியும் மாறாத சங்கு

நேற்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்கள் ஒன்றாக ஹார்ன் அடித்தன. ஒன்று கனம், ஒன்று மெலிவு. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். காரணம், சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி ஒன்று.

டிப்ளமா முடித்து அங்கே எலெக்ட்ரிகல் வேலைக்குச் சேர்ந்த வருடம். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், நிரம்பிக்கொண்டிருந்தன. எங்களுடையதும் அப்படி வந்ததுதான். அங்கே வேலைக்கு அழைக்கத் தப்பு மேளம் அடிப்பார்கள். இங்கே ஃபேக்டரியின் மின்சாரச் சங்கு. பக்கத்துத் தோட்டத்துச் சங்கு நாள் முழுக்க நேரத்துக்கொரு தரம் ஊதும். யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். மூடுபனியில் திசை தெரியாது. சுதியை வைத்துத்தான் எது நம்முடையது என்று பிரிப்பார்கள்.

எங்கள் சங்கின் மோட்டார் எரிந்து, புதிய சங்கு வந்தது. அசல் பக்கத்துத் தோட்டத்துச் சுதி! முதல் நாள் லயத்தில் ஒருவரும் அசையவில்லை. காலைப் பிரட்டில் பேர் பதியத் தாமதமாக வந்த எல்லோருக்கும் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி. மறுநாள் பக்கத்துச் சங்குக்கெல்லாம் ஓடிவந்து மழையில் நின்றார்கள்.

"இன்னும் சத்தமா ஊதவைங்க" என்றார் மானேஜர்.

"சத்தம் வேற, சுதி வேற சார்."

"அப்ப நீயே சரிபண்ணும்மா. நாளைக்கும் லேட்டுன்னா நாளைக்கும் அரைப் பேர்தான்."

சங்குக்குள் துளையிட்ட சக்கரம் சுற்றும். வேகம் குறைந்தால் சுதி இறங்கும். அதன் அச்சில் பெல்ட் ஓடும் புல்லியைப் பெரிதாக மாட்டி வேகத்தைச் சரிபாதியாக்கினேன். பாதி என்றால் சும்மாவா? பெருமையாக ஊதிக் காட்டினேன். கொழுந்து நிறுக்க வந்த ராசம்மாக்கா கூடையை இறக்காமலே கேட்டார்: "ஏன் புள்ள, பக்கத்துத் தோட்டத்துச் சங்குக்குச் சளி புடிச்சிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். படித்தது எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. காது விகிதத்தைத்தான் கேட்கிறது. அதிர்வு பாதியானால் மேல் ஸா கீழ் ஸா ஆகும், அவ்வளவே, ஸா ஸாதான். அப்பா பாடும் பாட்டை நான் பாடினால் பாட்டு மாறிவிடுகிறதா?

ஃபிட்டர் அண்ணன் அதே புல்லியைக் கடைந்து சிறிதாக்கினார். "ஏனுங்க அம்மிணி, பாதியுமில்லாம முழுசுமில்லாம வருதுங்களே?"

"மூணுல ரெண்டு பங்கு வேகம்ண்ணா. ஸா போயி மா வந்துரும்."

காலையில் பனி. பக்கத்துச் சங்கு ஊதியது. ஒரு கதவும் திறக்கவில்லை. நான் சுவிட்சைத் தட்டினேன். லயம் முழுக்கத் தாழ்ப்பாள்கள் விலகும் சத்தம். "நம்மது! நம்மதுதான்! பிரட்டுக்கு ஓடுங்கடி!" ராசம்மாக்காவின் குரல் ஆட்களுக்கு முன்பே வந்து சேர்ந்தது. அன்று ஒருவருக்கும் அரைப் பேர் விழவில்லை. எனக்கு நடையே மாறிவிட்டது.

இப்போது இரண்டு தோட்டத்திலும் சங்கு இல்லையாம். எல்லோர் கையிலும் வாட்ச். அது மணியைச் சரியாகத்தான் காட்டுகிறது. "நம்மது" என்று கத்திக்கொண்டு யாரும் அதைப் பார்த்து ஓடி வருவதில்லை.