சுலோச்சனா கட்டிய பொய்மீன்

திருப்புலிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டு சுலோச்சனா கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் கடல்மீனை ஏமாற்றுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உத்திரமேரூரில் ஒரு பொய்மீன் கம்பெனி ஷெட்டிலிருந்து தூண்டில் முள்ளும் சேவல் இறகும் வாங்கி வந்து, வீட்டிலேயே பொய்மீன் கட்டிக் கொடுப்பாள். விரல் நீள முள்ளை மேஜையில் வைஸ் இடுக்கியில் பிடித்து, வால் பக்கம் வெள்ளை இறகு, அதன்மேல் ஆட்டு மயிர், நடுவே ஜிகினா இழை என்று வைத்து நூலைச் சுற்றி இறுக்குவாள். தலையில் கண் வரைந்தால் அச்சு அசல் குட்டி மீன்தான். தண்ணீரில் இழுத்தால் நீந்துமாம். வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிறார்கள்.

அவள் புருஷன் இருசப்பன் ஒரு தண்டச்சோறு. வேலைக்குப் போக மாட்டான், கை மட்டும் நீளும். அடித்து அடித்து அவளுக்கு ஒரு பல் போயிற்று, இடது காது கேட்காது. எதையும் பொறுத்துக்கொள்வாள், விரலை மட்டும் விட மாட்டாள். அடி விழும்போது இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு முதுகைக் காட்டுவாள்.

போன மாதம் ஷெட்டில் அவளை சூப்பர்வைசராகப் போட்டார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிறு மத்தியானம் அந்தப் பாவி குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"வெரலு இருந்தாத்தானடி நீ அங்க மேஸ்திரி வேலை பார்ப்பே? வைடி கைய!"

சத்தம் கேட்டு ஓடினேன். அவள் வலது கையில் பாதி கட்டிய பொய்மீன். கையை ஒளிக்க நேரமில்லை. முடியைப் பிடித்து மேஜையோடு அமுக்கி, இடது கைமேல் குழவியைப் போட்டான். இரண்டு விரல் நொறுங்கிய சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. வெள்ளை இறகெல்லாம் ரத்தம்.

அடுத்தது வலது கை. அதைப் பிடிக்கக் குழவியோடு குனிந்தான் பாருங்கள், அந்தக் கையிலிருந்த பொய்மீன் முள்ளை அவன் கீழுதட்டில் குத்தி வெடுக்கென்று இழுத்தாள். வளைவுவரை ஏறிவிட்டது. குழவி அவன் காலிலேயே விழுந்தது. முள்ளிலிருந்து இன்னும் அறுக்காத நூலைக் கையில் சுற்றிக்கொண்டு அவனைத் தெருவுக்கு இழுத்து வந்தாள். அந்த நூல் லேசில் அறாது. மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி நொண்டிக்கொண்டே வந்தான், வாயில் இறகு ஆட. எனக்குச் சிரிப்பு வந்தது, நன்றாகவே சிரித்தேன்.

முள்ளைப் பிடுங்கப் பார்த்தான். முனைக்குக் கீழே பின்பக்கமாக ஒரு குட்டி முள் நீட்டிக்கொண்டிருக்கும், திருப்பி இழுத்தால் சதையைக் கிழிக்கும். அலறினான். எதிர்வீட்டு மோகன் கிட்டே வந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

"சுலோ, நீயே எட்துடு. உனுக்குத்தான் தெரியும்" என்று இருசப்பன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

"முன்னாடி தள்ளி, முனைய வெளிய எட்து, குறட்டால நறுக்கணும்" என்றாள் சுலோச்சனா. நசுங்கிய இடது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அதுக்கு ரெண்டு கை வேணும்யா."

நூலை அவன் மடியில் போட்டுவிட்டு என் ஸ்கூட்டியில் ஏறினாள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.